கொங்கு நாட்டு வழித்தடங்கள்

ஒரு நாட்டின் வரலாற்றைக் கோயிற் சுவரிலும் செப்பேட்டிலும் படிப்பதுபோலவே, அந்நாட்டு மக்கள் நடந்து பழகிய வழிகளிலும் படிக்கலாம். வழி என்பது தானாகத் தோன்றுவதன்று. மக்கள் எங்கிருந்து எங்கே சென்றனர், எதைச் சுமந்து சென்றனர், எங்கே நீர் அருந்தினர், எதற்கு அஞ்சி விலகிச் சென்றனர் என்னும் செய்திகளையெல்லாம் அது தன் வளைவுகளில் வைத்துக் காக்கிறது. அத்தகைய வழிகளுள் மூன்றனைக் குறித்து, பல்லடத்தை நடுவாகக் கொண்டு, மாணவ நண்பர்களாகிய உங்களோடு பேச விரும்புகிறேன். வணிகர் சென்ற பெருவழி ஒன்று. உழவர் வகுத்த இட்டேரி மற்றொன்று. வாய்க்காலின் கரைவழி மூன்றாவது. காலையில் உடற்பயிற்சிக்காக ஓடும் இளைஞர்களுக்கு இம்மூன்றும் இன்று நல்ல ஓடுதடங்கள். ஆயினும் அவை ஓடுவதற்காக அமைந்தவை அல்ல, வாழ்வதற்காக அமைந்தவை.

முதலில் நிலத்தின் அமைப்பைக் காண்போம். வடக்கே நொய்யல், தெற்கே அமராவதி என்னும் இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் பல்லடம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை கோட்டைச்சுவர்போல் நிற்க, பாலக்காட்டுக்கு அருகே மட்டும் அச்சுவரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு ஓர் இடைவெளி உண்டு. அதனைப் பாலக்காட்டுக் கணவாய் என்கிறோம். தென்மேற்குக் காற்று அந்த வாயிலின் வழியே புகுந்து பல்லடம், உடுமலை வட்டாரங்களில் வீசுகிறது. இன்று அங்கே காற்றாலைகள் சுழல்வது அதனாலேதான். காற்று வந்த வாயில் வழியாகவே வணிகமும் வந்தது.

மேலைக் கடற்கரையில் முசிறித் துறைமுகத்தில் இறங்கிய யவனர் பொன்னும் வெள்ளியும், கணவாயைக் கடந்து, நொய்யற் கரையோரமாகக் கரூர் வரை சென்றன. இதற்குச் சான்றுகள் மண்ணுக்குள்ளேயே கிடைத்திருக்கின்றன. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டில் 500க்கும் மேற்பட்ட உரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. சென்னிமலைக்கு அருகே, நொய்யலின் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளையும், மணி செய்த தொழிற்கூடங்களையும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தன. காங்கயத்தை அடுத்த படியூரோ நீலப்பச்சைக் கற்களுக்குப் பெயர்பெற்றது. உரோமாபுரிச் சீமாட்டிகள் விரும்பிய கல் அது. பல்லடத்திலிருந்து ஒரே நாளில் நடந்து சேரக்கூடிய தொலைவில் இருந்த ஊர் ஒன்று, கடல் கடந்த நகரத்தோடு உறவு கொண்டிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பின்னாளில் இவ்வழிகளுக்கு அரசர்கள் பெயரிட்டுக் காவலும் அமைத்தனர். கோயம்புத்தூருக்குத் தென்மேற்கே, சுண்டக்காமுத்தூரை ஒட்டிய மலையடிவாரப் பாறையில் இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் கல்வெட்டொன்று உள்ளது. அது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என அறிஞர் கருதுவர். அக்கல்வெட்டு தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. சேர நாட்டார் வட்டெழுத்தில் பழகியவர். சோழ நாட்டார் தமிழ் எழுத்தில் பழகியவர். வழியோ இருவருக்கும் பொது. ஆகவே எழுத்தும் இருவருக்கும் பொதுவாயிற்று. இதனினும் ஒருபடி மேலே சென்றது, தருமபுரிப் பக்கத்தில் கிடைத்த அதியமான் பெருவழியின் காதக்கல். 13ஆம் நூற்றாண்டினதாகிய அக்கல்லில் தொலைவை எண்ணால் எழுதியதோடு, எழுத்தறியாத வழிப்போக்கரும் எண்ணி அறியும்படி குழிகளும் குடையப்பட்டுள்ளன. கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் ஒருங்கே வழிகாட்டவேண்டும் என்று நினைத்த நெஞ்சம் எத்துணைப் பெரியது!

அந்தக் கல்வெட்டுப் பாறையிலிருந்து வடமேற்கே சென்றால் தொண்டாமுத்தூர்ப் பக்கம் கல்தூண்களின்மேல் படர்ந்த திராட்சைப் பந்தல்களையும், வெள்ளியங்கிரி மலையில் பிறந்துவரும் நொய்யலின் நீரைப் பிரித்துக் குளங்களுக்கு ஊட்டும் சித்திரைச்சாவடி அணையின் வாய்க்காலையும் காணலாம். மலையும் தோட்டமும் வாய்க்காலும் அங்கே ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. ஆனால் கிழக்கே வரவர நிலம் வறள்கிறது. பல்லடம் பக்கத்தில் ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழைதான். இந்த வறட்சியில் உழவர் கண்ட வழிதான் இட்டேரி.

இட்டேரி என்பது கொங்கு நாட்டுச் சொல். இருபுறமும் உயிர்வேலி அடர்ந்து நிற்க, நடுவே ஒரு மாட்டுவண்டி செல்லும் அகலத்தில் தோட்டங்களையும் காடுகளையும் ஊரோடு இணைக்கும் மண்பாதையே இட்டேரி. இங்கே காடு என்பது மானாவாரி நிலம். அந்த வேலி பெரும்பாலும் முள்கிளுவை. அதன் கிளையை வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும். தண்ணீர் ஊற்ற வேண்டுவதில்லை. அதன்மேல் பிரண்டையும் கோவையும் படரும். அடியில் ஆவாரை பூக்கும். காடையும் கௌதாரியும் முட்டையிடும். கீரியும் உடும்பும் குடியிருக்கும். வயல் எலியைப் பிடிக்கும் உயிர்களுக்கு இட்டேரியே வீடாதலால், வேலி பயிருக்குக் காவலாளியாகவும் நின்றது. மழைக்காலத்தில் காட்டில் விழுந்த நீர் இட்டேரி வழியே ஓடிக் குட்டையைச் சேரும். ஆகவே அது மனிதருக்கும் மாட்டுக்கும் மழைநீருக்கும் ஒருசேர வழியாயிற்று.

இந்த வேலி இல்லையேல் காங்கயம் மாடு இல்லை என்றும் சொல்லலாம். பல்லடம், காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமும் வளரும் அந்நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி இட்டுவிட்டால், மேய்ப்பவன் இல்லாமலே மாடுகள் மேயும். அரசன் பெருவழிக்குக் கல் நட்டான். உழவன் தன் வழிக்குக் கிளுவைக் குச்சி நட்டான். அரசன் நட்ட கல்லில் பெயர் இருக்கிறது. உழவன் நட்ட குச்சியில் பெயர் இல்லை. ஆனால் அது தலைமுறை தலைமுறையாகத் துளிர்த்தது.

ஆங்கிலேயர் காலத்தில் மற்றொரு வகை ஓட்டமும் இந்நாட்டு வழிகளில் நிகழ்ந்தது. அஞ்சல் பையைத் தோளில் சுமந்து, சலங்கை கட்டிய கோலை ஊன்றி ஓடிய தபால் ஓட்டக்காரர்களை நாம் மறத்தலாகாது. ஒருவர் சில மைல் ஓடிப் பையை மற்றொருவரிடம் ஒப்படைப்பார். சலங்கை ஒலி கேட்டவர் வழிவிடுவர். பின்னர் இருப்புப்பாதை வந்தது. சென்னையையும் மேலைக் கடற்கரையையும் இணைத்த அப்பாதை 1862ஆம் ஆண்டில் நிறைவடைந்தது. அது பல்லடம் வழியே செல்லாமல் வடக்கே திருப்பூர் வழியாகச் சென்றது. வழி மாறினால் ஊரின் விதியும் மாறும் என்பதற்குத் திருப்பூரின் வளர்ச்சியே சான்று.

மூன்றாவது வழிக்கு வருவோம். மேற்கே ஓடிக் கடலில் கலந்த மலையாற்று நீரைக் கிழக்கே திருப்புவதற்காக எழுந்தது பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்டம். 1961ஆம் ஆண்டில் தலைமை அமைச்சர் நேரு அதனைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட உடன்படிக்கை 1970இல் கையெழுத்தாயிற்று. சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து வெளிவரும் நீரைத் திருமூர்த்தி அணைக்குக் கொண்டுவருவது காண்டூர் கால்வாய். ஆனைமலையின் அடிவாரத்தை ஒட்டி 49 கிலோமீட்டர் தொலைவு அது வளைந்து வளைந்து செல்கிறது. ஏன் நேராகச் செல்லவில்லை? நீர் மேடேறாது, பள்ளத்தில் விழுந்தால் மீண்டும் எழாது. ஆகவே மலையின் உடலில் ஒரே மட்டத்தைத் தேடி, மிகச் சிறிய சரிவோடு அதனை வெட்டினர். திருமூர்த்தி அணையிலிருந்து புறப்படும் வாய்க்கால்களும் இதே விதிக்குக் கட்டுப்பட்டுப் பல்லடம் வட்டத்துக் காடுகளை வந்தடைகின்றன. பாசன நிலங்களை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்து நீர் விடுகின்றனர். வாய்க்கால் கரையில் ஓடுகிறவருக்கு மூச்சு வாங்குவது குறைவு. அவர் ஓடுவது தண்ணீருக்காக அளந்த மட்டத்தில். ஆயினும் நீர் விடும் நாட்களில் வாய்க்காலில் இறங்கவேண்டாம் என்று இளைஞருக்குச் சொல்லிவைக்கிறேன். கரை செங்குத்தானது; நீரோட்டம் வலியது.

இம்மூன்று வழிகளுள் பெருவழிக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. அதனைத் தொல்லியலார் காப்பர். வாய்க்காலுக்குப் பொறியாளரின் ஏடுகள் உண்டு, நீர்வளத்துறையார் காப்பர். இட்டேரிக்கு யார் உளர்? கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை என்றொரு கோடு இருக்கும், அவ்வளவே. கிளுவை வேலி அகற்றப்பட்டுக் கல்தூணும் முட்கம்பியும் நிற்கும் இடங்களை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். காடுகள் வீட்டுமனைகளாகும்போது இட்டேரி தார்ச்சாலையாகிறது, அல்லது மறைந்தே போகிறது. கம்பிவேலியில் பிரண்டை கிடைக்காது; கௌதாரி முட்டையிடாது. வேலியைத் தோண்டி எடுக்க ஒரு நாள் போதும். அது அடர்ந்து வளர ஒரு தலைமுறை வேண்டும்.

எனவே மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் எஞ்சியுள்ள இட்டேரி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். விடுமுறை நாளில் அதனை முழுதும் நடந்து பாருங்கள். கிராம வரைபடத்தில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒப்பிடுங்கள். வேலியில் நிற்கும் செடிகளின் பெயரையும், அங்கே கண்ட பறவைகளின் பெயரையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யார் யார் காட்டுக்கு அது வழி, எந்தக் குட்டைக்கு அது நீர் கொண்டுசென்றது என்பதையும் கேளுங்கள். ஏனெனில் அச்செய்திகள் இன்று அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. நீங்கள் எழுதும் குறிப்பேடே அந்த இட்டேரியின் முதற் கல்வெட்டாகும். வண்டிப்பாதை பொதுவழி என்பதை ஊரார் மறந்துவிட்டால், அதனை நினைவூட்டவும் அந்தக் குறிப்பேடு உதவும். மழைக்கு முன்னதாக, வேலி அறுந்த இடத்தில் ஒரு கிளுவைக் குச்சியை நட்டுவிட்டு வாருங்கள்.