‘தொழிலாளி என்றே எழுதுங்கள்’

எழுபதுகளின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண்ணிய மாநாடு. ஆபாசப் படங்களிலும் ஊடகங்களிலும் பெண்கள்மீது நடக்கும் வன்முறையை எதிர்த்த அமைப்பு அதை நடத்தியது. ஓர் அமர்வின் தலைப்பைப் பெரிய தாளில் எழுதி வைத்திருந்தார்கள்: ‘பாலியல் பயன்பாட்டுத் தொழில்துறை.’ உள்ளே வந்த கரோல் லீ அதைப் படித்ததும் கூசிப்போனார். அவர் கவிஞர், நாடகக்காரர். பாலியல் தொழிலிலும் இருந்தவர். பெண்களைப் பற்றிப் பேசக் கூடிய இடத்தில், தலைப்பில் நின்றது ஆண் செய்யும் காரியம். பயன்படுத்துகிறவன் அவன். அந்தப் பெண் என்ன செய்கிறாள்? வேலை செய்கிறாள். ‘பயன்பாடு’ இருக்கும் இடத்தில் ‘வேலை’ என்று போடலாமே என்றார் கரோல். யாரும் மறுக்கவில்லை.

அமர்வு முடிந்ததும் ஒரு பெண், அவரும் எழுதுகிறவர்தான், கரோலிடம் வந்தார். பதின்வயதில் தானும் இதைச் செய்ததாகவும், பழிக்குப் பயந்து அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை என்றும் சொன்னார். ‘செக்ஸ் ஒர்க்’ என்ற சொல் பிறந்த கதையைப் பின்னாளில் எழுதியபோது கரோல் இந்தப் பெண்ணையும் மறக்காமல் குறிப்பிட்டார். இந்தச் சொல்லைப் பற்றி எந்த வாதத்தைக் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பெண்தான்.

1987இல் பிரெடெரிக் டெலகோஸ்ட்டும் பிரிசில்லா அலெக்சாண்டரும் இந்தச் சொல்லையே தலைப்பாக்கி, இத்துறைப் பெண்களின் எழுத்துகளைத் தொகுத்தார்கள். அதற்குள் பெண்ணியவாதிகள் இரண்டு அணியாகப் பிரிந்திருந்தார்கள். ஓர் அணியின் கேத்லீன் பாரி 1979இலேயே இந்தத் தொழிலைப் பாலியல் அடிமைத்தனம் என்று எழுதிவிட்டார். வறுமை, கடன், சிறுவயதில் பட்ட காயம் இவையெல்லாம் துரத்த ஒரு பெண் தரும் இசைவு இசைவே இல்லை, அது விலைகொடுத்து வாங்கப்பட்டது. அதை ‘வேலை’ என்றால் வாங்குகிறவன் வெறும் வாடிக்கையாளன் ஆகிவிடுகிறான் என்பது அந்த அணியின் வாதம். லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது.

இரண்டு வாதங்களும் இரண்டு சட்டங்களாயின. 1999 ஜனவரி முதல் நாளிலிருந்து ஸ்வீடனில் வாங்குகிறவன் குற்றவாளி; விற்கும் பெண் அல்ல. நியூசிலாந்தில் 2003இல் வந்த சட்டம் இருவரையுமே குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. அது 60க்கு 59 என்ற வாக்குக் கணக்கில், ஒருவர் ஒதுங்கி நிற்க, தப்பிப் பிழைத்தது. முன்பு இதே தொழிலில் இருந்த திருநங்கை நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜினா பேயர் அன்று அவையில் எழுந்து தன் பழைய வாழ்க்கையைச் சொல்லி ஆதரவு கேட்டார்.

சொல் மாறினால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு நியூசிலாந்தில் ஒரு வழக்கு இருக்கிறது. அங்கே ஒரு விடுதியில் வேலை செய்த பெண், விடுதி நடத்தியவர் தன்னைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்று மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2014இல் தீர்ப்பாயம் அவருக்கு 25,000 டாலர் இழப்பீடு வழங்கியது. ‘அந்த மாதிரிப் பெண்ணுக்கு என்ன துன்புறுத்தல்’ என்று யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அதே சட்டம் தற்காலிக விசாவில் வந்த பெண்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. அவர்களுக்கு இந்தத் தொழில் இன்னமும் தடைதான்.

கல்கத்தாவுக்கு இந்தச் சொல் எய்ட்ஸ் தடுப்புப் பணியின் கையைப் பிடித்து வந்தது. 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா அந்த ஊரின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சிக்குள் போனார். ஆணுறை பயன்படுத்தச் சொல்லிப் பார்த்தவருக்கு, வேண்டாம் என்கிற ஆளிடம் முடியாது என்று சொல்லும் பலம் அந்தப் பெண்களுக்கு இல்லை என்பது புரிந்தது. கையில் காசு இல்லை, கந்துவட்டிக் கடன் கழுத்தை நெரித்தது. 1995இல் பெண்களே சேர்ந்து உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கப் போனார்கள். நன்னடத்தை உள்ளவர்தான் உறுப்பினராகலாம் என்ற விதி குறுக்கே வந்தது. ‘இல்லத்தரசி என்று போட்டுப் பதிந்துகொள்ளுங்களேன்’ என்று வழியும் காட்டப்பட்டது. அப்படி எழுதியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவர்கள் மறுத்துவிட்டார்கள். பாலியல் தொழிலாளி என்றே எழுத வேண்டும் என்றார்கள். கடைசியில் வளைந்து கொடுத்தது விதிதான். 1997இல் அதே ஊரில் நடந்த தேசிய மாநாட்டில் அவர்கள் கேட்டது தொழிலாளர் உரிமை.

தமிழுக்கு வந்தபோது இந்தச் சொல்லுக்கு ஒரு விசித்திரமான வரவேற்பு காத்திருந்தது. நம் ஊரில் ‘அவ தொழில் பண்றா’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் எந்தத் தொழில் என்று யாரும் கேட்பதில்லை. தொழில் என்பதே இங்கே வசையாக இருந்தது. அதோடு ஒரு ‘ஆளி’ சேர்ந்ததும் மே தினமும் சங்கக் கொடியும் நினைவுக்கு வரும் சொல்லாயிற்று. பாலியல் தொழிலாளி நளினி ஜமீலாவின் சுயசரிதை மலையாளத்தில் 2005இல் வந்து, பிறகு தமிழிலும் வாசிக்கப்பட்டபோது பலருக்கு இது பழகியது. செய்தித்தாளின் உள்பக்கம் மட்டும் இன்னும் ‘அழகிகள் மீட்பு’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறது. மீட்கப்பட்டவர் எங்கே கொண்டுபோகப்பட்டார், அங்கே போகச் சம்மதித்தாரா என்பது அந்தச் செய்தியில் வருவதில்லை.

இந்தியாவில் இந்தச் சொல் சந்தித்த மிகக் கூர்மையான கேள்வி தலித் பெண்ணியவாதிகளிடமிருந்து வந்தது. எல்லம்மா தெய்வத்துக்குப் பொட்டுக்கட்டிவிடப்பட்ட சிறுமி எந்தச் சாதி? ஒரு சாதியின் மேல் பரம்பரையாகச் சுமத்தியதை ‘வேலை’ என்றால், மலக்குழியில் இறங்குவதும் விரும்பி ஏற்ற வேலையா? 2005இல் மகாராஷ்டிரம் மதுக்கூட நடனத்தைத் தடை செய்தபோது பெண்ணியவாதிகள் இதே இடத்தில்தான் பிரிந்து நின்றார்கள். எனக்கும் இந்தக் கேள்விக்கு முழுப் பதில் இல்லை. கடத்திக்கொண்டு வரப்பட்ட சிறுமி தொழிலாளி இல்லை. அவளை அப்படி அழைப்பது கொடுமை. ஆனால், நான் தொழிலாளி என்று தானே சொல்லும் 40 வயதுப் பெண்ணிடம், இல்லை, உனக்குத் தெரியாது, நீ அடிமை என்று சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? சாதியின் கொடுமையைச் சொல்ல அவளைக் காவல் நிலையத்துக்கு இழுக்கத் தேவையில்லை. 1956ஆம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டம் அவள் தொழிலை நேரடியாகக் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால், இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டில் தொழில் செய்தால் அது விபச்சார விடுதி. அவள் சம்பாத்தியத்தில் சாப்பிடும் 18 வயது கடந்த மகன் குற்றவாளி.

2022 மே 19 அன்று நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் காவல்துறை கண்ணியத்தோடு நடத்த வேண்டும், ஆணுறையை ஆதாரமாகக் காட்டக் கூடாது என்றது. ஆணை முழுக்கப் ‘பாலியல் தொழிலாளி’தான். 2023 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் நீதிபதிகளுக்காக வெளியிட்ட கையேட்டில், தவிர்க்க வேண்டிய சொல் ஒரு பக்கம், எழுத வேண்டிய சொல் எதிர்ப்பக்கம். பழைய வசைச்சொல்லுக்கு எதிரே ‘பாலியல் தொழிலாளி’ என்று இருந்தது. மூன்று மாதம்கூட இருக்கவில்லை. கடத்தலுக்கு எதிராகப் பாடுபடும் அமைப்புகள் ஆட்சேபித்தன. நவம்பரில் அந்தக் கட்டம் திருத்தப்பட்டது. கடத்தப்பட்டு மீண்டவர், வணிகப் பாலியல் செயலில் ஈடுபடும் பெண், வணிகப் பாலியல் சுரண்டலுக்குள் தள்ளப்பட்ட பெண் என்று மூன்று தொடர்கள் வந்தன. மூன்றிலும் வேலை என்ற சொல் இல்லை.

2022ஆம் ஆண்டு ஆணையில் ஆதார் அட்டை பற்றியும் ஒரு பகுதி உண்டு. முகவரிச் சான்று இல்லாத பெண்ணுக்கு, எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரி தரும் சான்றிதழை வைத்தே அட்டை வழங்க வேண்டும். அவர் தொழில் இன்னதென்று காட்டிக்கொடுக்கும் குறியீடு எதுவும் அதில் இருக்கக் கூடாது. சான்றிதழை வாங்கும்போது அவர் தன் தொழிலைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அட்டையில் அவருடைய பெயரும் படமும் முகவரியும் இருக்கும்; தொழில் இருக்காது.