பலகையிலிருந்து திரைக்கு

1963-இல் எம்ஐடி ஆய்வு மாணவர் இவான் சதர்லாண்ட், டிஎக்ஸ்-2 கணினியில் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற மென்பொருளை எழுதினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு இழுக்கலாம், இழுத்ததைத் திருத்தலாம். ஆனால் சாதாரண வரைவாளரின் கைக்கு அந்த இயந்திரம் எட்டவில்லை.

1982 டிசம்பரில் வந்த ‘ஆட்டோகேட்’ என்ற வரைவு மென்பொருளோ, மேசைக் கணினியிலேயே ஓடியது.

ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தவர்கள் அதுவரை டி-ஸ்கொயரும் டிரேசிங் பேப்பருமாக உழைத்தவர்கள். மைக்கோடு பிசகினால் பிளேடால் பதமாகச் சுரண்டுவார்கள். கொஞ்சம் அழுத்தினாலும் தாள் கிழிந்து, படம் முழுவதையும் மறுபடி வரைய நேரும். அவர்களே பின்னர் பகல் வேலை முடிந்து, மாலை வகுப்புகளில் ‘லைன்’, ‘ஆஃப்செட்’, ‘டிரிம்’ கட்டளைகளைப் பழகினார்கள்.

வெட்டுத்தோற்றம் வரைவதும் அளவு குறிப்பதும் அவர்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி. கற்க வேண்டியிருந்தது கணினியை மட்டும்தான்.