ஆல்பமும் படவில்லையும்: சிவகாசியில் ஒரு பக்கக் கலையின் வரலாறு

அலுவலக மென்பொருளைக் கொண்டு திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படும் பக்கங்களைப் படவில்லைகள் என்றும், அவற்றைக் காட்டிப் பேசும் முறையை விளக்கக்காட்சி அல்லது நிகழ்த்துதல் என்றும் தமிழில் எழுதுகின்றனர். பேச்சில் சிலைடு, பிபிடி என்னும் சொற்களே நிலைத்துவிட்டன. இம்முறை 1980களில் கணினியோடு பிறந்தது என்பது பொதுவான எண்ணம். ஆயினும், ஒரு பக்கத்தில் ஒரு படம், சில சொற்கள், அவற்றுக்கு மூச்சுவிட இடம் என அமைத்து, எட்ட நின்று பார்ப்பவரும் நொடியில் பொருளைப் பற்றிக்கொள்ளும்படி செய்யும் கலையையும், அத்தகைய பக்கங்களைக் கோத்து வாடிக்கையாளர் முன் புரட்டிக் காட்டும் வழக்கத்தையும் விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி அதற்கு வெகுமுன்பே தன் பிழைப்பாகக் கொண்டிருந்தது.

இதன் தொடக்கம் தீப்பெட்டியில் இருக்கிறது. வானம் பார்த்த பூமியான இப்பகுதியிலிருந்து 1922இல் கல்கத்தாவுக்குச் சென்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீக்குச்சி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பி இத்தொழிலை ஊரில் ஊன்றினர். குச்சியும் மருந்தும் எல்லாப் பெட்டியிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், ஒரு கம்பெனியின் சரக்கை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் பொறுப்பு முழுவதும் பெட்டியின் மேல் ஒட்டப்பட்ட லேபிளின் மீது விழுந்தது. எழுத்தறிவு பரவாத அக்காலத்தில் வாங்குபவர் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. அணில் மார்க், காக்கா மார்க் என்று படத்தைச் சொல்லியே கேட்டார். இரண்டு விரல் அகலத் தாளில், மங்கிய விளக்கொளியில், கடைக்காரரின் தோளுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் பெட்டியில் அந்த அணில் அணிலாகவே தெரிய வேண்டும். பின்னணியில் மரமும் மலையும் நெருக்கினால் அணில் மறைந்துவிடும், ஒரு சொல் கூடினாலும் எழுத்து சிறுத்துவிடும் என்பதை லேபிள் வரைந்தோர் விற்பனையில் பட்டு அறிந்திருக்க வேண்டும். அன்றைய லேபிள்கள் பெரும்பாலும் ஒரே உருவமும் ஓரிரு வரிகளுமாக நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

லேபிளின் தேவையே அச்சகங்களைச் சிவகாசிக்குக் கொண்டுவந்தது. முதலில் வந்த முறை லித்தோ எனப்படும் கல்லச்சு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பவேரியாவில் அலாய்ஸ் செனபெல்டர் கண்டறிந்த இம்முறை, எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்னும் எளிய உண்மையை அடிப்படையாகக் கொண்டது. வழுவழுப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, அதன் மேல் அச்சு மையை உருட்டினால், வரைந்த இடம் மட்டுமே மையை ஏற்கும். ஈரமான இடம் அதைத் தள்ளிவிடும். கல்லில் நேரே வரையும்போது தமிழ் எழுத்துகளை இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல எழுத வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும் என்பதால், முருகனின் முகத்தில் வெளிச்சம் விழும் கன்னத்துக்கும் நிழல் விழும் கழுத்துக்கும் இடையிலான மாற்றத்தை ஓவியர் ஒரு நிறத்தில் அடர்த்தியாகவும் மற்றொன்றில் அடர்த்தி குறைவாகவும் புள்ளி புள்ளியாகக் குத்தியே உருவாக்கினார். கற்கள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் பொருந்துவதைத் தொழிலில் ரிஜிஸ்டர் என்பர். காற்றில் ஈரம் கூடினால் தாள் விரிந்து ரிஜிஸ்டர் கெடும். தீக்குச்சியையும் பட்டாசையும் உலர்த்தித் தந்த அதே வறண்ட வானிலை அச்சுக்கும் துணையானது. நிறம் ஒன்று கூடினால் கல்லும் கூலியும் கூடும் என்ற நிலையில், எதை விடுவது என்று தீர்மானிப்பதே வரைவதைவிடப் பெரிய திறமையாக இருந்திருக்கும்.

லேபிளுக்குப் பழகிய கை காலண்டருக்கு நகர்ந்தபோது பக்கம் பெரிதாயிற்று, பார்வையாளரின் தொலைவும் கூடிற்று. சுவரில் ஓராண்டு தொங்கவிருக்கும் படத்தை வாசலில் நிற்பவரும் காண வேண்டும். அருகிலுள்ள கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டைய ராஜு (1898–1976) இதற்கு ஏற்ற ஓவிய முறையைத் தந்தவர்களில் முதன்மையானவர்; நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டிய அனுபவம் உடைய அவருக்கு, கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு எட்டும்படி வரைவது எப்படி என்பது தெரிந்திருந்தது. அவரும் அவருடைய மாணவர்களும் தீட்டிய முருகனும் மீனாட்சியும் லட்சுமியும், பார்ப்பவரை நேருக்கு நேர் நோக்கும் கண்களோடும் தெளிவான புற வரையோடும், சிவகாசி அச்சகங்களின் வழியே நாடெங்கும் சுவர்களில் இடம்பெற்றனர்.

காலண்டரில் ஓவியத்தைவிடவும் கவனிக்கத்தக்க பகுதி ஒன்று உண்டு. அது ஒன்றும் அச்சிடப்படாத பகுதி. படத்தின் கீழே ஒரு பட்டை வெறுமையாக விடப்படும். ஒரே மீனாட்சி படத்தை ஆயிரக்கணக்கில் அச்சிட்டு வைத்து, மதுரை நகைக்கடைக்கும் ஈரோட்டு ஜவுளிக்கடைக்கும் அந்தப் பட்டையில் அவரவர் பெயரையும் முகவரியையும் பின்னர் ஏற்றித் தருவர். பொதுவான வடிவமைப்பை முன்கூட்டியே செய்துவைத்து, பயன்படுத்துவோர் தம் சொற்களை மட்டும் நிரப்பிக்கொள்ளும்படி விடுவதை இன்றைய மென்பொருள்கள் டெம்ப்ளேட், அதாவது வார்ப்புரு, என்கின்றன. சிவகாசியின் வெற்றுப் பட்டை அதே சிந்தனைதான். அதில் ஓர் ஒழுக்கமும் உள்ளது: கடைக்காரர் தம் கிளைகளையும் சரக்குப் பட்டியலையும் முழுதாகச் சேர்க்க விரும்பினாலும் பட்டையின் அளவு அதற்கு இடம் தராது.

இந்த மாதிரிப் படங்களின் தொகுப்பே ஆல்பம். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளன்று பூசை செய்து, வரும் ஆங்கிலப் புத்தாண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசியின் வழக்கம். தினசரி காலண்டருக்கான அட்டைகள், மாத காலண்டருக்கான படங்கள் என எல்லா மாதிரிகளையும் எண்ணிட்டுக் கோத்த அந்தக் கனமான தொகுதியைத் தூக்கிக்கொண்டு ஏஜென்டுகள் ஊர் ஊராகச் செல்வர். கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளிக்கு ஒதுக்க நேரம் அதிகமிராது. நடுவில் வாடிக்கையாளர் வருவார், விலை கேட்பார். அந்த இடைவெளிகளில் பக்கம் புரள வேண்டும், ஒவ்வொரு பக்கமும் விளக்கம் இல்லாமலே தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும், பிடித்த படத்தின் எண்ணை மட்டும் குறித்து ஆர்டர் எழுத வேண்டும். பக்கத்தில் எழுதியிருப்பதையே ஏஜென்ட் படித்துக் காட்டுவதில்லை. படம் தன் வேலையைச் செய்யும்போது அவர் விலையையும் அட்டையின் தரத்தையும் பேசுகிறார். விளக்கக்காட்சி நடத்துவோர் இன்றும் அதிகமாகத் தவறும் இடம் இதுவே.

இதற்கிடையே சிலைடு என்னும் சொல் வேறு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்திருந்தது. திரையரங்குகளில் படம் தொடங்குமுன் உள்ளூர்க் கடைகளின் விளம்பரங்களைக் கண்ணாடித் துண்டில் எழுதி ஒளிபாய்ச்சிக் காட்டியதைச் சிலைடு போடுதல் என்றனர். மேலைநாட்டு அலுவலகங்களில் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்த சிலைடுகளும், ஒளிபுகும் தாளில் எழுதிச் சுவரில் பெருக்கிக் காட்டும் கருவியும் வழக்கில் இருந்தன. அவற்றுக்கான பக்கங்களைக் கணினியிலேயே தயாரிக்க ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோர் ஃபோர்தாட் நிறுவனத்தில் உருவாக்கிய பவர்பாயிண்ட் 1987 ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணினிக்கு வெளிவந்தது; அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் அந்நிறுவனத்தை 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. முதல் பதிப்பில் கறுப்பு வெள்ளை மட்டுமே உண்டு.

சிவகாசி அச்சகங்களில் கல் போய்த் துத்தநாகத் தகடும், பின்னர் தகட்டிலிருந்து ரப்பர் உருளைக்கும் உருளையிலிருந்து தாளுக்கும் படத்தை மாற்றும் ஆப்செட் எந்திரமும் வந்தன. கடைசியாகக் கணினி வந்தது. புள்ளி குத்திய ஓவியரின் இடத்தில் பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப் தெரிந்த டிசைனர் அமர்ந்தார். தமிழ் எழுத்து இங்கும் சோதித்தது: ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கெனக் குறியேற்றம் வைத்திருந்ததால், ஒரு கணினியில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகச் சிதறியது. 2010இல் எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியேற்றமான ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு ஏற்றதும் தமிழில் படவில்லை தயாரிப்பது எளிதாயிற்று. பின்னர் ஓப்பன் ஆபீஸ் இம்ப்ரெஸ் என்னும் படவில்லை மென்பொருள் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடத்திலும் இடம்பெற்றது. கருவி இவ்வாறு எல்லோருக்கும் கிடைத்தபோது, இடத்தின் அருமை மறைந்துபோயிற்று. கல்லின் விலையும் பட்டையின் அளவும் கட்டுப்படுத்திய கை, எல்லையில்லாத பக்கத்தில் பத்து வரிகளையும் பறக்கும் எழுத்துகளையும் நிரப்பத் தொடங்கியது.

அந்த நெருக்கடியான பக்கத்தால் பிற ஊர்களில் கூட்டம் சலிப்படைவதோடு போகலாம். பட்டாசுத் தொழிலின் ஊரில் இழப்பு அதைவிடப் பெரிது. வெடிபொருள் விதிகளின்படி, பட்டாசு செய்யும் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கலாகாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கலாகாது என்னும் வரம்புகள் உண்டு. ஆலைகளில் அறையின் சுவரிலேயே அறை எண், அங்கு நடக்கும் வேலை, அனுமதிக்கப்பட்ட ஆட்கள், மருந்தின் அளவு ஆகியவை பெரிய எழுத்தில் எழுதப்படுகின்றன. நான்கே செய்திகள், வாசலில் நின்று ஒரு பார்வையில் படித்துவிடலாம். இந்தச் சுவர் எழுத்து சிவகாசியின் லேபிள் மரபோடு ஒத்துப்போகிறது. ஆனால், அதே விதிகளைப் போர்மேன்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வகுப்பில் கற்பிக்கும்போது சட்ட வாசகங்களை அப்படியே திரையில் ஏற்றினால், உராய்வினால் மருந்து தீப்பற்றும் என்ற முதன்மையான செய்தி பத்து வரிகளுக்கு நடுவே மறைந்துவிடும்.

பாதுகாப்பு வகுப்புக்குப் படவில்லை தயாரிக்கும் ஆசிரியர்களும் ஆலை மேற்பார்வையாளர்களும் தம் ஊரின் பழைய தீப்பெட்டி லேபிள் ஒன்றைக் கணினிக்கு அருகில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். அந்த இரண்டு விரல் அகலத்தில் அடங்காத எதையும் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.