மணிக்கூட்டு டயல் குறைகள்

ஏற்கெனவே ஒருவர் கட்டிய விலையுயர்ந்த கைமணிக்கூட்டின் முகப்பில் தெரியும் புள்ளி, கறை, நிறமாற்றம், வெடிப்பு, கீறல் முதலியவை டயல் குறைகள் எனப்படும். மணிக்கூட்டின் ஓட்டத்தை இவை பெரும்பாலும் பாதிப்பதில்லை. விலையைத்தான் பாதிக்கின்றன. ஒரே ஆண்டில் வெளிவந்த ஒரே வகை மணிக்கூடுகள் இரண்டில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு விலை போவதற்கு டயலின் நிலையே முதற்காரணம். அதிலும் குறையின் அளவைவிட அது எப்படி வந்தது என்பதே முக்கியம்.

பெரும்பாலான டயல்கள் மெல்லிய பித்தளைத் தகட்டால் ஆனவை. தகட்டின் மேல் முலாம் அல்லது வர்ணம், அதன்மேல் வார்னிஷ், எழுத்து அச்சு, மணிக்குறிகள், இருளில் ஒளிரும் பூச்சு என அடுக்கடுக்காக வரும். வார்னிஷில் மயிரிழை போன்ற சிறு துளை இருந்தாலும் போதும், ஈரம் பித்தளையை எட்டிக் களிம்பு பிடித்துவிடும்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடா போன்ற கரையோர ஊர்களில் மற்றெல்லாக் குறைகளையும்விட ஈரத்துக்கே அஞ்ச வேண்டும். ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி முதல் தை வரை பெய்கிறது. மற்ற மாதங்களில் கடும் வெயில். உப்புக்காற்று எப்போதும் உண்டு. வெயிலில் சூடேறிய மணிக்கூட்டோடு ஒருவர் கடலில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. பின்மூடியிலும் சாவி கொடுக்கும் குமிழிலும் உள்ள ரப்பர் வாஷர் காய்ந்து இறுகிப் போயிருந்தால், அந்தச் சுருக்கமே வெளி ஈரத்தை உள்ளே இழுத்துவிடும். வெளியே ஒரு துளி நீரும் தெரியாது. சில மாதங்கள் கழித்து, குமிழ் இருக்கும் 3 மணிப் பக்கத்திலோ டயலின் விளிம்பிலோ மிளகுப்பொடி தூவியது போல் கரும்புள்ளிகள் தோன்றும். வார்னிஷ் கொப்புளிக்கும். ஒளிரும் பூச்சு கறுத்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வரும். உருக்கு முட்களில் துரு ஏறி, அதன் செந்தூள் டயலில் விழுந்து கிடக்கும்.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நீர்ப்புகாமைக்கான சர்வதேசத் தரங்களிலும் அது இடம்பெறுகிறது. மணிக்கூட்டை 40 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் சூடாக்கி, கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீர் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பார்கள். துளி இருந்த இடத்தில் கண்ணாடியின் உட்புறம் ஆவி பூத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இதைத் திருத்துநரிடம் செய்விப்பதே நல்லது; கடும் சூடு பழைய டயலுக்கு ஆகாது.

வயதால் வரும் குறை வேறு வகை. இரண்டாம் உலகப் போர்க்கால மணிக்கூடுகளில் ஒளிரும் பூச்சு ரேடியம் கலந்தது. அக்காலத்தில் சீனன்குடா பிரித்தானிய விமானப் படையின் தளம். 1944 ஆகஸ்ட் 10 அன்று 54 அமெரிக்க பி-29 விமானங்கள் இங்கிருந்து சுமாத்திராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் புறப்பட்டன. போக வர ஏறத்தாழ 6,200 கிலோமீற்றர். இரவில் கடலுக்கு மேல் வழி கணிக்கச் சரியான நேரம் இன்றியமையாதது. அமெரிக்க விமானப் படை வழங்கிய ஏ-11 மணிக்கூட்டில், குமிழை இழுத்ததும் வினாடி முள் நின்றுவிடும். குழுவினர் எல்லோரும் ஒரே நொடிக்குத் தங்கள் மணிக்கூடுகளைச் சரிசெய்ய அது உதவியது.

அந்தத் தலைமுறை மணிக்கூடுகள் இன்று இருளில் ஒளிர்வதில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அது இன்னும் கதிர் வீசிக்கொண்டிருக்கிறது. ஒளி தந்த துத்தநாக சல்பைடுதான் அந்தக் கதிர்பட்டு அழிந்துபோனது. முட்கள் நெடுங்காலம் ஒரே இடத்தில் நின்றிருந்தால், அவற்றுக்குக் கீழே டயலில் பழுப்பு நிழல் விழுந்திருக்கும். இத்தகைய மணிக்கூட்டை வீட்டில் திறக்கக் கூடாது. உதிர்ந்த தூள் மூச்சோடு உள்ளே போனால் உடலுக்குக் கேடு. 1960களில் ரேடியத்தின் இடத்தை டிரிட்டியம் பிடித்தது. அதன் அரை ஆயுள் 12 ஆண்டுகளே. வெண்பூச்சு இளமஞ்சளாக மாறியிருப்பது வயதால்தான் என்று விற்பவர் பலர் சொல்வர். ஆனால் தேநீரில் நனைத்தும் சாயமிட்டும் அதே நிறத்தைக் கொண்டுவரும் வேலையும் நடக்கிறது.

சில குறைகள் சேகரிப்போரிடையே பெருமைக்குரியவை ஆகிவிட்டன. கறுப்பு டயல் வெயிலில் சொக்லேட் பழுப்பாக மாறினால் அதை 'டிராபிக்கல்' என்பர். 1960களின் ரோலெக்ஸ், ஒமேகா மணிக்கூடுகளில் இதற்குப் பெரும் விலை. 1990களின் நடுப்பகுதியில் வந்த ரோலெக்ஸ் டேட்டோனா சிலவற்றில் சிறு வட்டங்களின் வெள்ளி வளையங்கள் பழுப்பேறின. மேலே பூசிய வார்னிஷ் வெள்ளியைக் காக்கத் தவறியதே காரணம். அவை ஏல நிபுணர் ஒஸ்வால்டோ பட்ரிசியின் பெயரால் இன்று அழைக்கப்படுகின்றன. 1980களின் பளபளப்பான ரோலெக்ஸ் டயல்களில் சிலந்தி வலை போல் வெடிப்பு விழுவதும் அறியப்பட்டதே. அதற்கு விலை ஏறுவதை நான் ஏற்கமாட்டேன்: வெடிப்பு இன்னும் பரவலாம், சில்லு பெயரலாம். நிறமாற்றம் டயலின் மேற்பரப்பைக் குலைப்பதில்லை, வெடிப்பு குலைக்கிறது.

உண்மையில் விலையைக் குப்புறத் தள்ளுவது மறுபூச்சு. இந்தியச் சந்தையில் எச்.எம்.டி. ஜனதா, பைலட் முதல் பழைய ஒமேகா, ஃபாவ்ர் லூபா வரை டயலைச் சுரண்டிப் புதிதாக அச்சடித்து விற்பது நீண்டகால வழக்கம். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால் அது மறையாது. எழுத்தின் விளிம்பு தடித்து மங்கியிருக்கும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு நேராக நிற்கா. நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத நிறமும் அமைப்பும் காணப்படும். இதற்கு விலக்கும் உண்டு. ஐ.டபிள்யூ.சி. மார்க் 11 என்னும் பிரித்தானிய விமானப் படை மணிக்கூட்டின் டயல்களைப் படைத்துறையே பின்னாளில் டிரிட்டியத்துக்கு மாற்றி, வட்டத்துக்குள் 'டி' எழுத்தைப் பொறித்தது. அந்த மாற்றம் மணிக்கூட்டின் பணிவாழ்வைச் சேர்ந்தது, மதிப்பைக் குறைக்காது.

டயலின் நடுத்துளையைச் சுற்றியுள்ள நுண்கீறல்கள் முட்களைக் கழற்றும்போது விழுபவை. பழைய மணிக்கூட்டில் இது இயல்பு. பேரம் பேசலாமே தவிர வாங்காமல் விட வேண்டியதில்லை.

காய்ந்துபோன பழைய புள்ளியை அப்படியே விட்டுவிடலாம். பஞ்சால் துடைத்தால்கூட அச்செழுத்து கரைந்து வந்துவிடும். புள்ளி இன்னும் வளர்கிறதா என்பதை அறிய ஒரே வெளிச்சத்தில் சில மாத இடைவெளியில் படமெடுத்து ஒப்பிடலாம். வளர்ந்தால் உள்ளே ஈரம் தங்கியிருக்கிறது. கடலோரத்தில் வாழ்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன் வாஷர்களை மாற்றி அழுத்தச் சோதனை செய்விக்க வேண்டும். திருத்தக் கொடுக்கும்போது டயலையும் முட்களையும் மாற்றவோ மறுபூச்சுச் செய்யவோ வேண்டாம் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.