மூட்டுவாதமும் மூச்சும்



தெமோதரைப் புகையிரத நிலையத்தை விட்டுப் பதுளை நோக்கிப் புறப்படும் வண்டி, குன்றைச் சுற்றி வளைந்திறங்கி, சற்று முன்னர் தான் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகச் செல்கின்றது. 1924-ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய பாதை இது. உடலைக் காக்கவென அமைந்த எதிர்ப்புச் சக்தியும் சில வேளைகளில் இவ்வாறு வளைந்து, தன் உடலின் மீதே திரும்பிவிடுகின்றது. மூட்டுவாதத்தில் விரல் மூட்டுகள் வீங்கி நோவதற்கு இதுவே காரணம்.

அந்நோய் மூட்டுகளோடு நின்றுவிடும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1948-இல் எல்மன், போல் எனும் ஆங்கில மருத்துவர் இருவர், மூட்டுவாதமுற்றோர் சிலரின் நுரையீரலும் பழுதுற்றிருந்தமையை விவரித்தனர். 1953-இல் அந்தனி காப்லன், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தார். மூட்டுவாதமுள்ள சிலரது நுரையீரலில் வட்டவட்டமான நிழல்கள் தென்பட்டன. தூசும் எதிர்ப்புச் சக்தியின் பிறழ்வும் ஒருங்கே கூடியதன் விளைவு அது. 1965-இல் ஹொவ்பிராண்ட், பெக் என்போர், லூப்பஸ் நோயாளர் சிலரின் நுரையீரல் சுருங்கியிருந்ததையும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் மேலெழுந்திருந்ததையும் எடுத்துரைத்தனர்.

நம் தோட்டங்களுக்கும் இவ்வரலாற்றுக்கும் என்ன தொடர்பு? மலைநாட்டில் ஒருவர் இருமினால் சயரோகமோ, தொய்வோ, தேயிலைத் தூசோ என்றே முதலில் ஐயுறுகிறோம். அது நியாயமே. தேயிலைத் தொழிற்சாலைத் தூசினால் எழும் தொய்வை நம் நாட்டு மருத்துவர் சி. ஜி. உரகொட 1970-இல் விவரித்துள்ளார். ஆயினும் தூசு ஒன்றே காரணமென முடிவுகட்டிவிடலாகாது.

கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்குக் காலையில் விரல்களை மடக்க இயலவில்லை, நாள்தோறும் ஏறிய மேட்டில் இப்பொழுது மூச்சு வாங்குகின்றது, வறட்டிருமலும் விடவில்லை. விரல் நோவுக்கு அவர் தைலம் தடவுகின்றார். இருமலுக்குக் கசாயம் பருகுகின்றார். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்களாக இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. மருத்துவரிடம் சென்றாலும், இருமலைப் பற்றிச் சொல்லி, விரலைப் பற்றிச் சொல்லாது திரும்பிவிடுகின்றார்.

மூட்டுவாதமுற்றோர் அனைவருக்கும் நுரையீரல் கெடுவதில்லை. ஆனால் நுரையீரலில் ஒருமுறை தழும்பேறிய பகுதி பழைய நிலைக்கு மீளுதல் அரிது. எதிர்ப்புச் சக்தியின் சீற்றத்தைத் தணிக்கும் மருந்துகள் இன்று உள்ளன. அவை காலத்தே கிடைத்தல் வேண்டும். எனவே விரல் நோவையும் மூச்சு வாங்குதலையும் ஒரே நாளில், ஒரே மருத்துவரிடம், சேர்த்துச் சொல்லுங்கள்.