பாத்தி கட்ட ஒரு பின்னேரம் போதும்

2022 ஜூன் மாதம் ஞாபகம் இருக்கா? பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு, வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ எண்டு அரசாங்கம் சொன்னதும் அந்த மாதம்தான். நாங்களும் கிணத்தடியில் மிஞ்சிக் கிடந்த சீமெந்துக் கல்லை நாலு பக்கமும் அடுக்கி ஒரு மேட்டுப்பாத்தி கட்டினோம். ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்தது. வளவில் கூட்டின சருகையும் கொஞ்ச மண்ணையும் கொட்டிக் கத்தரி வைத்தோம். இரண்டு மாதத்தில் பாத்தி பாதிக்கு இறங்கிவிட்டது. கத்தரி மஞ்சளாகி, வளராமல் நின்றது.

அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் ஒரு நாட்டின் பெயர் இருந்தது. “கியூபாக்காரர் செய்தவை, எங்களால் ஏலாதா?” கியூபா என்னதான் செய்தது எண்டு ஒருக்கால் ஒழுங்காகப் பார்ப்போம்.

1980களில் கியூபா இயற்கை விவசாய நாடு இல்லை. பெரிய பெரிய கரும்புத் தோட்டங்கள், உழவு இயந்திரங்கள், மூட்டை மூட்டையாக இரசாயனப் பசளை. சீனியைச் சோவியத் யூனியனுக்குக் கொடுத்து எண்ணெயும் பசளையும் வாங்கினார்கள். சாப்பாட்டிலும் பெரும்பகுதி கப்பலில்தான் வந்தது. 1991இல் சோவியத் யூனியன் உடைந்ததோடு எல்லாம் நின்றது. அடுத்த வருடம் அமெரிக்கா தன்ர பொருளாதாரத் தடையை இன்னும் இறுக்கியது. கிராமத்தில் மரக்கறி விளைந்தாலும் ஹவானாவுக்கு ஏற்றிவர லொறிக்கு டீசல் இல்லை. மக்கள் மெலிந்து போனார்கள். 1991 முடிவிலிருந்து 1993 வரைக்கும் 50,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கண் பார்வை மங்கியது, கை கால் விறைத்தது. சத்தான சாப்பாடு கிடைக்காதது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

மேட்டுப்பாத்தி இந்தப் பசிக்குள்தான் வருகிறது. நகரத்து வெற்றுக்காணிகளில் நல்ல மண் இல்லை. சில இடங்களில் கொங்கிறீற்று, சில இடங்களில் இடிந்த கட்டிடக் கல்லு. மண்ணில்லாமல், இரசாயனக் கரைசலில் மரக்கறி வளர்க்கிற தொட்டிகள் முன்பே சில இடங்களில் இருந்தன. கரைசலுக்கான மருந்து வராமல் போக, அந்தத் தொட்டிகளுக்குள் மண்ணும் எருவும் போட்டார்கள். அதிலிருந்து வந்த பெயர்தான் ‘ஓர்கானொபோனிகோ’. பிறகு கல், பழைய ஓடு, தகரம், கையில் அகப்பட்டதை வைத்து நீள நீளமான பாத்திகளைக் கட்டினார்கள். அகலம் ஏறக்குறைய நாலு அடி. இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுவுக்கு எட்ட வேண்டும், உள்ளே கால் வைத்து மண்ணை இறுக்கக்கூடாது.

வெளிநாட்டுக்காரர் படம் எடுத்தது இந்தச் சுவர்களைத்தான். விசயம் இருந்தது உள்ளே. மண்ணும் மக்கின எருவும் ஏறக்குறையச் சரிபாதி. மாட்டெரு, மண்புழு எரு, சீனி ஆலைக் கழிவு எல்லாம் போனது. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் திரும்ப எரு போட்டு மட்டத்தை ஏற்றினார்கள். பாத்தி முனையில் பூச்சிக்காகச் செவ்வந்திப் பூ நட்டார்கள். பூச்சியை அழிக்கிற பூஞ்சணங்களை வளர்த்துக் கொடுக்கச் சிறு நிலையங்கள் இருந்தன. வெற்றுக்காணியைப் பயிர் செய்ய அரசு இலவசமாகக் கொடுத்தது. 1994இல் விவசாயிகள் சந்தையையும் திறந்துவிட்டது. ஹவானாவுக்குக் கிழக்கே, மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கிற பேர்பெற்ற அலமார் தோட்டம் 1997இல்தான் தொடங்கியது. சோவியத் உடைந்து ஆறு வருடத்துக்குப் பிறகு!

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அந்தப் பாத்திகள் கொடுத்தது கீரையும் மரக்கறியும். அரிசியையும் கோதுமையையும் கியூபா தொடர்ந்து இறக்குமதிதான் செய்தது.

இப்போது எங்கட நாட்டுக்கு வருவோம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். வீட்டுப் பாத்திக்கு இல்லை, முழு நாட்டு நெல்லுக்கும் தேயிலைக்கும். அவ்வளவு நிலத்துக்கும் போடக் கூட்டெரு எங்கே இருந்தது? அதைச் செய்ய ஆட்களுக்கும் கால்நடைக்கும் எத்தனை வருடம் வேண்டும்? யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அந்தப் போகம் போனது போனதுதான். அரிசியை வெளியில் வாங்க வேண்டி வந்தது. நாங்கள் கிணத்தடியில் செய்த அதே பிழையை நாடு பெரிதாகச் செய்திருக்கிறது: கல்லை அடுக்கிவிட்டு, உள்ளே மண் இருக்கிறது எண்டு நினைத்தோம்.

இத்தனைக்கும் இது எங்களுக்குத் தெரியாத வேலையும் இல்லை. 1990இலிருந்து யாழ்ப்பாணத்துக்கு யூரியாவும் எரிபொருளும் பற்றரியும் தடை. கியூபா பட்டினி கிடந்த அதே வருடங்கள். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் அம்மம்மா முதலில் சொல்வது ‘குழை தாழ்க்கிறது’ பற்றித்தான். பூவரசங்குழையையும் பனை ஓலையையும் வெட்டி, தோட்டத்தில் சால் கிண்டித் தாழ்த்து, மக்கவிட்டுப் பிறகுதான் நடுவது. தடைக்கு முன்பும், பரம்பரை பரம்பரையாக எங்கட தோட்டக்காரர் செய்த வேலை அது. தெரிந்த கையும், ஏற்கெனவே பதப்பட்ட மண்ணும் இருந்தபடியால்தான் அந்த வருடங்களில் தோட்டங்கள் முழுதாகப் படுக்கவில்லை.

எங்கட கத்தரி மஞ்சளானதுக்கும் காரணம் அதுதான். பச்சையாய்ப் போட்ட சருகு மக்குகிறபோது மண்ணில் இருக்கிற தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், பயிருக்கு மிஞ்சாது. அம்மம்மாவிடம் முதலே கேட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சம்.

அந்தப் பாத்தியை நாங்கள் கைவிடவில்லை. அடியில் குழையையும் ஓலையையும் தாழ்த்து, மேலே மண்ணும் பழைய மாட்டெருவும் சரிபாதி போட்டு, மழைக்கு விட்டோம். ஒவ்வொரு போகமும் மட்டம் இறங்கும், திரும்ப நிரப்புவோம். மூன்றாவது வருடத்தில்தான் கையால் கிண்டினால் மண்புழு வந்தது. அந்த வருடக் கத்தரிக்காயை அயலட்டைக்கும் கொடுத்தோம்.