ஒரு கமக்காரத் தகப்பனை உருவாக்கியது யார்?

பிபிசியின் 'த ஆச்சர்ஸ்' உலகத்திலேயே மிக நீண்டகாலமாக ஓடும் வானொலித் தொடர் நாடகம். 1951 ஜனவரி 1 இல் பிரித்தானியா முழுவதற்கும் ஒலிபரப்பாகத் தொடங்கியது, இன்னும் முடியேல்ல. அம்பிறிட்ஜ் என்ற கற்பனைக் கிராமம், அங்க புறூக்ஃபீல்ட் என்ற கமம், அதை நடத்துற ஆச்சர் குடும்பம். குடும்பத் தலைவர் முதலில் டான், அவருக்குப் பிறகு மகன் ஃபில். இதைப் பாசமான ஒரு கிராமத்துக் கதை என்று மட்டும் பார்த்தால் அரைவாசி வரலாறு விடுபட்டுப் போகும்.

போர் முடிந்த பிறகும் பிரித்தானியாவில் உணவுத் தட்டுப்பாடு தீரவில்லை. கூப்பன் முறை 1954 வரைக்கும் இருந்தது. கமக்காரர் கூடுதலாக விளைவிக்க வேணும், புது முறைகளுக்கு மாற வேணும். ஆனா துண்டுப்பிரசுரத்தை ஆர் ஆசையாக வாசிக்கிறது? 1948 இல் பேர்மிங்ஹாமில் நடந்த ஒரு கூட்டத்தில், 'டிக் பார்ட்டன்' என்ற சாகசத் தொடரைப் போல எங்களுக்கும் ஒன்று வேணும் என்று ஒரு கமக்காரர் கேட்டார். பிபிசியின் கொட்ஃப்றி பேஸ்லி அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். விவசாய அமைச்சின் ஆலோசனையோடு நாடகம் உருவானது.

அதாவது, டானின் வாயால் அமைச்சும் பேசியது. அதிகாரி சொன்னால் சந்தேகப்படுகிற சனம், குதிரையை விட்டு உழவு இயந்திரத்துக்கு மாறுகிற ஒரு வயதான கமக்காரர் சொன்னால் கேட்கும். 1956 இல் கால்வாய் நோய் வந்து புறூக்ஃபீல்ட் மாடுகளைக் கொல்ல வேண்டி வந்தபோது, அந்த இழப்பு கேட்டவர்களுக்குத் தங்கட வீட்டு இழப்பு மாதிரி இருந்திருக்கும். 1972 அளவில் இந்தக் கற்பிக்கும் வேலை கைவிடப்பட்டது. தகப்பன் மட்டும் மிஞ்சினார்.

டான் 1986 இல் இறக்கும்வரை அவருக்கு நான்கு நடிகர்கள் மாறி மாறிக் குரல் கொடுத்தார்கள். ஃபில்லுக்கு ஒரேயொருவர்தான்: நோர்மன் பெயின்டிங். 1950 இன் பரீட்சார்த்த ஒலிபரப்பு முதல் 2009 இல் அவர் இறக்கும்வரை, ஏறத்தாழ அறுபது வருசம். இளைஞன், கணவன், தகப்பன், தாத்தா எல்லாம் அந்த ஒரே குரலில் முதுமையடைந்தன. 2001 இல் ஃபில் ஓய்வெடுத்தபோது, கமம் எந்தப் பிள்ளைக்கு என்று எழுந்த சண்டையை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஆங்கிலக் கிராமம் தெரியத் தேவையில்லை. காணி உறுதி எழுதுகிற நேரம் எங்கட வீடுகளிலும் அதே சண்டைதானே.

ஆனா இன்னொரு குரலையும் சொல்ல வேணும். 1955 செப்டெம்பர் 22, பிரித்தானியாவின் முதலாவது வர்த்தகத் தொலைக்காட்சியான ஐரிவி தொடங்கிய இரவு. அன்றைக்கு ஃபில்லின் மனைவி கிரேஸ், எரியும் குதிரை லாயத்துக்குள் ஓடி இறந்துபோனாள். கலியாணம் முடித்து ஆறு மாதமும் ஆகேல்ல. போட்டித் தொலைக்காட்சியின் ஆரவாரத்தை மறைக்கச் செய்த வேலை என்றே பலர் சொல்வார்கள். கிரேஸாக நடித்த இசான் சேர்ச்மன் பிற்காலத்தில் வேறொரு காரணத்தைச் சொன்னார்: ஆண் நடிகர்களுக்குச் சமமான சம்பளம் கேட்டதும், தொழிற்சங்கத்தை நாடியதும்தான் தன் பாத்திரம் கொல்லப்பட்டதற்குக் காரணம் என்று.

ஃபில் அந்தத் துக்கத்தைக் கடந்து ஜில்லை மணந்தார், பிள்ளைகளைப் பெற்றார், கமத்துக்குப் பொறுப்பானார். நேயர்கள் மதித்த முதிர்ச்சியான தகப்பன் அப்படித்தான் வளர்ந்தார். பெயின்டிங்கின் திறமையை இது குறைக்காது. ஆனா அவருக்கு அறுபது வருசம் பேசக் கிடைத்தது, சேர்ச்மனின் கிரேஸுக்கு சில வருசங்கள்தான்.

வானொலியோ தொலைக்காட்சியோ, ஒரு நல்ல தகப்பன் எங்களுக்குப் புத்தி சொல்லும்போது இரண்டு விசயத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த வசனம் ஆரின்ர தேவைக்காக எழுதப்பட்டது? அவர் தொடர்ந்து பேசுறதுக்காக ஆரின்ர பேச்சு நிறுத்தப்பட்டது?